மூச்சை அடக்கிய பத்துப் பேர்

என் வயதொத்தவர்களே, சனிக்கிழமை காலையில் சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து நீங்கள் மூச்சு விடப் பழகுகிறீர்கள். பழகுங்கள். எழுபது வருடமாக நாம் தவறாக மூச்சு விட்டோம் என்று இருபத்தெட்டு வயதுப் பையன் சொல்கிறான், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். நானும் ஒரு சனிக்கிழமை வந்தேன். வலது மூக்கை மூடச் சொன்னான், மூடினேன். இழுக்கச் சொன்னான், இழுத்தேன். “இப்ப அடக்குங்க, நான் எண்ணுறேன்” என்றான். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முழங்கால் வலி என்று உங்களிடம் சொன்னேன். முழங்காலில் ஒன்றும் இல்லை.

காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். மறுபடி யாரும் வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டாம்.

நம்மில் பாதிப் பேர் அந்த வருடங்களில் ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர்கள். மரவள்ளியின் சுவையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கைப்பட்டாணியிலிருந்து எட்டு மைல். துரை தன் நாயையும் பாட்டுப் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு பினாங்குப் பக்கம் போனவர் போனவர்தான். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய ஆட்கள் என்று எங்களை அவர் என்றும் நினைத்ததில்லை. அவர் போன மூன்றாம் நாள், ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெரிய கிராணி துரையின் பங்களாவுக்குக் குடிபோனார். துரையின் நாற்காலி, துரையின் கொசுவலை, துரையின் தொப்பி எல்லாம் அவருடையவை ஆயின. தொப்பி பெரிதாக இருந்தது. உள்ளே காகிதம் மடித்து வைத்துப் போட்டுக்கொண்டார். வியர்த்த நாட்களில் காகிதத்தின் நீல மை அவர் நெற்றியில் இறங்கும். யாரும் அவரிடம் சொன்னதில்லை.

தோட்டத்தில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஆபீஸ் சுவரில் ஒன்று, கிராணியின் கையில் ஒன்று, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் சட்டைப் பையில் ஒன்று. மூன்றையும் ஒரே ஜப்பான் சிப்பாய் ஒரே பிற்பகலில் எடுத்துக்கொண்டு போனான். கைக்கடிகாரத்தைத் தன் இடது கையில் கட்டிக்கொண்டான். அதில் முன்பே நான்கு இருந்தன. பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டையும் இரும்புக்காகக் கழற்றிச் சென்றார்கள். அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் நேரம் என்பது கிராணியின் வாயிலிருந்து வருவதாக ஆயிற்று.

ரப்பர்ப் பாலை வாங்க ஆளில்லை. மரங்களை வெட்டிச் சாய்த்து அந்த இடத்தில் மரவள்ளி நட்டார்கள். பெண்கள் சாக்கைப் பிரித்து உடுத்தினார்கள். புதுச் சாக்குக்கு ஒரு நெடி உண்டு, எண்ணெயும் சணலும் கலந்தது. பழைய சாக்குக்குப் பேன் உண்டு. சோப்பு இல்லை, காய்ச்சலுக்குக் கொய்னா இல்லை, உப்பு இருந்தால் அது கறுப்பாக இருந்தது. அரிசி இருந்தது. அது பங்களாவின் பின்கட்டு அறையில் பூட்டில் இருந்தது.

இந்தப் பசிக்குப் பெரிய கிராணி கண்ட மருந்து மூச்சு.

அவரிடம் அட்டை கிழிந்த ஒரு சிறு புத்தகம் இருந்தது. சண்டைக்கு முன்பு இந்தியாவிலிருந்து தபாலில் தருவித்தது. மூச்சை ஒழுங்குபடுத்தியவனுக்குப் பசி இல்லை, நோய் இல்லை, களைப்பு இல்லை, குதிரையோடு ஓடலாம் என்று அதில் போட்டிருந்தது. காலையில் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களுக்கு அதை உரக்க வாசித்தார். நாலு எண்ணும் வரை இழுக்க வேண்டும், பதினாறு வரை அடக்க வேண்டும், எட்டில் விட வேண்டும்.

“அரிசியில என்னடா இருக்கு, வெறும் மாவு. காத்துல பிராணன் இருக்கு. அத ஒழுங்கா இழுக்கத் தெரியாமத்தான் பசி பசின்னு கெடக்கறீங்க” என்றார்.

அவர் அதைச் சொன்ன காலையில் பங்களாச் சமையற்கட்டிலிருந்து கோழிக்குழம்பு வாடை வந்தது. பெரட்டுக் களம் காற்றோட்டமான இடம். எல்லோரும் ஒழுங்காக இழுத்தார்கள்.

நூற்றிருபது ஆண்கள் வரிசையாக நின்று நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வெறும் வயிற்றில் அப்படி இழுத்து அடக்கினால் தலை சுற்றும். இரண்டு பேர் தினமும் விழுந்தார்கள். பிராணன் மண்டைக்கு ஏறுகிறது என்று கிராணி விளக்கினார். டிரெசர் அருகில் நின்று ஆமோதித்தார். அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய வீட்டுக்கும் அரிசி அந்தப் பின்கட்டு அறையிலிருந்துதான் வந்தது.

கடிகாரம் இல்லாததால் எண்ணுவதற்கு ஆள் தேவைப்பட்டது. கிராணி தமிழில் எண்ண விரும்பவில்லை. ஜப்பான்காரன் எப்போது வந்து நின்றாலும் அவன் காதில் அவன் மொழி விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. பெரியவர்கள் யாருக்கும் அந்த எண்கள் பத்துக்கு மேல் தெரியாது. எங்கள் தோட்டப் பள்ளியில் தமிழ் நின்றுபோய் ஜப்பான் பாட்டும் எண்ணும் நடந்துகொண்டிருந்தன. வாத்தியார் மூன்று மாதம் சுங்கைப்பட்டாணிக்குப் போய்க் கற்று வந்தவர். தப்புக்கு ஓர் அறை என்று வைத்திருந்தார். அவருக்கு விழுந்த அறைகளை எங்களிடம் திருப்பிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. அறைக்குப் பயந்து நான் வேகமாகக் கற்றேன். நூறு வரை தடுமாறாமல் சொல்லும் பிள்ளை நான் ஒருத்திதான்.

அப்படித்தான் பெரட்டுக் களத்தில் ஒரு மரக்கட்டையின் மேல் ஏறி நின்று, நூற்றிருபது ஆண்களுக்கு மூச்சை எண்ணும் உத்தியோகம் எனக்கு வந்தது. இச்சி, நி, சான், சி. என் குரல் அன்று கணீரென்று இருக்கும். நான் சொல்லும்வரை அத்தனை ஆண்களும் மூச்சு விடாமல் நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கிராணி போட்டி வைத்தார். ஒவ்வொரு ஆளாக முன்னால் வந்து அடக்க வேண்டும். வாரக் கடைசியில் அதிகம் அடக்கிய பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை அரிசி. எங்களுக்குப் பங்காக வந்த அரிசியைத்தான் எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். வாங்கியவர்கள் கும்பிட்டு வாங்கினார்கள்.

அப்பா பால்வெட்டில் கெட்டிக்காரர், மூச்சில் அல்ல. காய்ச்சல் விட்டுவிட்டு வந்து அவருடைய இடது விலாவுக்குக் கீழே கல் வைத்ததுபோல் ஒரு கட்டி விழுந்திருந்தது. கொய்னா இல்லாத அந்த நாளில் பாதிப் பேருக்கு அது இருந்தது. முதல் வாரம் அப்பா அறுபத்திரண்டு வரை அடக்கினார். பன்னிரண்டாவது ஆளாக வந்தார். அரிசி பத்தாவது ஆளோடு நின்றது. வீட்டில் தம்பிக்கு இரண்டு வயது. மரவள்ளிக் கஞ்சி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது.

இரண்டாம் வாரம் அப்பா முன்னால் வந்து நின்றபோது, இருபத்தொன்பதுக்கு அடுத்தது நாற்பது என்று சொன்னேன். முப்பதுகளை முழுவதாக விட்டுவிட்டேன். குரலை மாற்றவில்லை, வேகத்தை மாற்றவில்லை. கிராணியைப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதுகளையும் விட்டேன். எண்பதுகளையும் விட்டேன். நூறு என்பதற்கு ஹியாக்கு என்று நான் சொன்னபோதுதான் அப்பா மூச்சை விட்டார். உண்மையில் அவர் அடக்கியது எழுபது.

களத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கிராணி மரக்கட்டை அருகே வந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்கடா, கட்டி வெச்சவன் நூறு அடக்கறான். நீங்கல்லாம் எருமைங்க” என்றார்.

அன்று அம்மா அந்தச் சிரட்டை அரிசியைக் குழையவிட்டு, முதல் கஞ்சியைத் தம்பிக்குக் கொடுத்தாள். பழைய எனாமல் கோப்பை அது, விளிம்பில் நீலக் கோடு போட்டது. அவன் குடித்து முடித்துக் கோப்பைக்குள் தலையை விட்டு நக்கினான். அதன் பிறகு எட்டு வாரம் அப்பா பத்துப் பேரில் ஒருவராக இருந்தார். ஒவ்வொரு வாரமும் நூறு சொன்னால் சந்தேகம் வரும் என்று சில வாரம் குறைவாக விட்டுத் தொண்ணூறோடு நிறுத்துவேன். ஒன்பது வயதில் அந்த அளவு சாமர்த்தியம் எனக்கு இருந்தது. எட்டு வாரத்தில் தம்பி எழுந்து சுவரைப் பிடித்து நடந்தான். அதற்கும் மூச்சுப் பயிற்சிதான் காரணம் என்று கிராணி சொல்லிக்கொண்டார். வீட்டில் தலைவன் சரியாக மூச்சு விட்டால் பிள்ளைக்கும் போய்ச் சேருமாம்.

அந்த நேரத்தில் சுங்கைப்பட்டாணி திடலில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஜப்பான் அதிகாரிகள் வந்து உட்கார்ந்து பார்க்க, கெடாவின் பல பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டினார்கள். மூன்று மைல் ஓட்டம். எங்கள் கிராணி தன் பத்துப் பேரையும் கொண்டுபோனார். எண்ணுவதற்கு என்னையும் கொண்டுபோனார். நாங்கள் இருவரும் மாட்டு வண்டியில் போனோம். பத்துப் பேரும் நடந்து வந்தார்கள். எட்டு மைல் நடந்துவிட்டு மூன்று மைல் ஓட வேண்டும் என்பது கிராணிக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

பந்தயத்துக்கு முன் அவர்களைத் திடலின் நடுவில் வரிசையாக நிறுத்தினார். நான் எண்ணினேன். சோத்துக் கடைக்காரர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாயைக் கட்டியதுபோல் மூடிக்கொண்டு, கண்ணை விழித்துக்கொண்டு, அசையாமல் நின்ற பத்து எலும்புக்கூடுகளை அவர்கள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலு அடிக்கு இழுக்கணும், நாலு அடிக்கு அடக்கணும், எந்தக் காரணம் கொண்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. கோலா கெடாவிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரன் வாயைப் பிளந்து, நாக்கு வெளியே தெரிய, நாய்போல் இரைத்துக்கொண்டு ஓடி முதலில் வந்தான். எங்கள் ஆட்களில் முதலில் வந்தவர் பத்தொன்பதாவதாக வந்தார். மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள்; வயிற்றில் எதுவும் இல்லாததால் தண்ணீர்தான் வந்தது. அப்பா முதல் மைல் கல்லிலேயே கட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிராணி தளரவில்லை. ஜெயித்தவனைச் சுட்டிக்காட்டி, “அவன் ஆயுசுல பத்து வருசத்த இன்னிக்குக் கொட்டிட்டான், பாத்துக்குங்க” என்றார். அந்த மீனவன் ஒரு இளநீரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தான். நன்றாகவே இருந்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகும் கதை. ஆனால் ஓர் அதிகாரி எழுந்து எங்களிடம் வந்தார். ஓட்டத்தில் அவருக்கு அக்கறை இல்லை. முன்பு வரிசையாக மூச்சு விடாமல் நின்றார்களே, அது என்ன என்று சந்தை மலாயில் கேட்டார். கிராணிக்கும் சந்தை மலாய் தெரியும். தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை வளைந்து கும்பிட்டுவிட்டு விளக்கினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். இந்த மூச்சு பழகியவனுக்குக் களைப்பு கிடையாது, காய்ச்சல் வராது, நாள் முழுக்க வேலை செய்வான் என்றார். அதிகாரி, சாப்பாடு என்று கேட்டார்.

“நாசி தா பாயா, துவான்” என்றார் கிராணி. சோறு வேண்டியதில்லை, ஐயா.

அதிகாரி சிரித்தார். சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது கிராணி வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். தன்னை நாலு தோட்டத்துக்கு மேலாளாகப் போடப்போகிறார்கள் என்று வண்டிக்காரரிடம் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து லோரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, மூன்று வேளைச் சோறு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பே ஒரு கூட்டம் அப்படிப் போயிருந்தது. மூன்று மாதம் ஆறு மாதமாகியும் ஒருவரும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முறை எங்கள் தோட்டத்தில் கண்டபடி ஆள் பிடிக்கவில்லை. திடலில் பார்த்த அதே அதிகாரி வந்தார். சோறு வேண்டாத அந்தப் பத்துப் பேரைத்தான் கேட்டார். கிராணி அவர் கேட்கும் முன்பே பட்டியல் எழுதி வைத்திருந்தார். வரிசைப்படி எழுதியிருந்தார். முதல் பெயர் அப்பாவுடையது.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்துக்கு ஓடினாள். நானும் ஓடினேன்.

“ஐயா, அவருக்குக் கட்டி இருக்குங்க. வாரத்துல ரெண்டு நாள் காச்சல்ல கெடக்கறாரு. நீங்களே பாத்திருக்கீங்க.”

“நூறு அடக்கறவனுக்கு என்னம்மா காச்சல்?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மரக்கட்டை அருகே போய் நின்று, அப்பா நூறு அடக்கவில்லை, நான்தான் எண்களை விட்டுவிட்டு எண்ணினேன் என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். எந்தெந்தப் பத்துகளை விட்டேன் என்பதையும் சொன்னேன். சொன்னதும் அப்பாவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் பெரியவர்கள் தவறைத் திருத்திக்கொள்வார்கள் என்ற எண்ணம் அந்த வயதில் எனக்கு இருந்தது.

அதிகாரி, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார். கிராணி ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறொரு பெயரை எழுதியிருக்கலாம். டிரெசரைக் கூப்பிட்டுக் கட்டியைக் காட்டியிருக்கலாம். அவர் முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு அப்பா முக்கியம் அல்ல, நானும் அல்ல, அதிகாரியும்கூட அல்ல. அவருடைய நூறு முக்கியம். பிள்ளை பொய் சொல்கிறது துவான், இவன் நூறு அடக்குவான், உங்கள் கண் முன்னாலேயே அடக்கிக் காட்டச் சொல்கிறேன் என்று மலாயில் சொன்னார்.

அதிகாரிக்கு வேடிக்கையாக இருந்தது. என்னை எண்ணச் சொன்னார். எனக்குப் பின்னால் வந்து நின்று என் தலைமேல் கையை வைத்தார். தோல் உறை போட்ட கை. கனமாக இருந்தது, வெயிலில் காய்ந்த தோலின் வாடை அடித்தது. இப்போது எண்களை விட முடியாது. அவருடைய எண்கள் அவை.

அப்பா சட்டையில்லாமல் எதிரே நின்றார். இழுத்தார். நான் தொடங்கினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எழுபதில் அவர் விட வேண்டும். விட்டால் நான் சொன்னது உண்மையாகும், அப்பா வீட்டுக்கு வருவார். அதனால் மெதுவாக எண்ணினேன். மழைக்காலத்தில் மரத்திலிருந்து பால் சொட்டும் வேகத்தில் எண்ணினேன். முப்பது. நாற்பது. ஐம்பதில் அவர் கழுத்து நரம்பு எழுந்தது. அறுபதில் வயிறு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. எழுபது சொல்லிவிட்டு அவர் வாயைப் பார்த்தேன். மூடியே இருந்தது. எண்பதில் உதடு நீலமானது. முழங்கால் ஆடியது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே விடச் சொல்லிக் கெஞ்சினேன். தொண்ணூற்றில் அவர் வேட்டி நனைந்தது. நான் நூறு சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் ஒரு நொடி நின்றார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

கிராணி கைதட்டினார். அதிகாரி என் தலையிலிருந்து கையை எடுத்தார்.

அப்பா எழுந்து உட்கார்ந்து இருமினார். குரல் வர நேரமாயிற்று. எல்லோருக்கும் கேட்கும்படி, “புள்ள சரியாத்தான் எண்ணுது” என்றார். அவரை லோரியில் ஏற்றினார்கள். அம்மா அழுததை இங்கே எழுதப் போவதில்லை.

பத்தில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் எதிர் லயத்துக்காரர். வரும்போது அவருடைய காலில் பாதி விரல்கள் இல்லை. அப்பா ரயிலை விட்டு இறங்கிப் பதினேழு நாள் காட்டில் நடந்தார், ஓர் ஆற்றங்கரைக் கூடாரத்தில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கிடந்தார், மழை நிற்கும் முன் போய்விட்டார் என்று அம்மாவிடம் சொன்னார். மூச்சுப் பயிற்சி உதவியதா என்று யாரோ ஒரு மடையன் கேட்டான். எதிர் லயத்துக்காரர், “அங்க மூச்சாவது மண்ணாவது” என்றார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வாசலில் மாலையோடு நின்றவர் பெரிய கிராணி. தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் நாற்காலிக்குப் போனார். அவர்மேல் எனக்கு இருந்த ஏளனம் வருடத்துக்கு வருடம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. அதில் பங்கு வேறு சிலருக்கும் உண்டு: டிரெசருக்கு, வாத்தியாருக்கு, மூச்சை இழுத்துக்கொண்டு நின்ற அந்த நூற்றிருபது பேருக்கு. சொல்லக் கூசினாலும் சொல்கிறேன், அப்பாவுக்கும் உண்டு. மகள் பொய்யாக எண்ணி எண்ணி, தனக்கு நூறு அடக்கும் சக்தி இருப்பதாக அவர் நம்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன். நல்லவர், ஆனால் ஏமாளி. கைதட்டலுக்காக உயிரை விட்டவர். முப்பது வருடம் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன். செத்தவர்களை ஏளனம் செய்வதில் ஒரு வசதி உண்டு, அவர்கள் பதில் பேசுவதில்லை.

பிற்பாடு நான் பத்திரிகையில் வட்டார நிருபராக இருந்தேன். கிராணி ஓய்வுபெற்று, சுங்கைப்பட்டாணியில் சொந்த வீடு கட்டி, காலையில் நாற்பது பேருக்கு மூச்சுப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். எண்பது வயது. அவரைப் பார்த்து எழுதும்படி ஆபீசில் சொன்னார்கள். போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காப்பி கொடுத்தார். “ஜப்பான்காரன் காலத்துல என் தோட்டத்துல பசியால ஒருத்தன் சாகலம்மா, எழுதிக்குங்க” என்றார். எழுதிக்கொண்டேன். சயாமுக்குப் போன பத்துப் பேரைக் கேட்டேன். சற்று யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. “அதுல ஒருத்தன், கட்டி வெச்சவன், நூறு அடக்குவான். நெசமான நூறு. ஜப்பான் ஆபீசரே கண்ணால பாத்தான்.” அப்பாவின் பெயர் அவர் நினைவில் இல்லை.

முப்பது வரி எழுதிக் கொடுத்தேன். ஒருத்தன் சாகல என்ற வாக்கியத்தை விட்டுவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் படத்தோடு வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஆள் இன்னும் அந்த நூறை நம்புகிறான், அப்பா நம்பியது மாதிரியே என்றேன்.

அம்மா கையை நிறுத்தினாள்.

“ஒங்கப்பா நம்பினாருன்னு யாருடி சொன்னா?”

நம்பித்தானே அன்று அப்படி நின்றார் என்றேன்.

“மூச்ச அடக்கறவன் மனசுக்குள்ள எண்ணாம இருப்பானா? அரிசி வந்த மொத வாரமே வந்து எங்கிட்ட சொல்லிட்டாரு, நான் எழுபது எண்ணுறதுக்குள்ள பாப்பா நூறு சொல்லிடுதுன்னு. சிரிச்சாரு. புள்ளைக்கு அரிசி வருது, பேசாம இருங்கன்னு நான்தான் சொன்னேன்.”

தெரிந்திருந்தும் அன்று ஏன் எழுபதில் விடவில்லை என்று கேட்டேன்.

“அவன் கை ஒந்தலமேல இருந்துச்சே. மாசக்கணக்கா நீ பொய் சொல்லி எண்ணுனேன்னு அவன் முன்னால தெரிஞ்சிருந்தா, அந்தக் கை ஒன்ன என்ன பண்ணியிருக்கும்னு ஒனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அவங்க வந்த புதுசுல சந்தையில பாத்தவங்க நாங்க. ஒங்கப்பா அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு.” கீரைக் காம்பு ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். “நீ வேற மெதுவா மெதுவா எண்ணுன. அதையும் தாங்குனாரு.”

அம்மா மறுபடி கீரையை எடுத்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “இதெல்லாம் பேப்பருல போடறதுக்கு இல்லடி” என்றாள்.

அவள் இருந்தவரை நான் போடவில்லை.